ஐந்து காஸ்ட் ஆல்பங்கள், இரண்டு மாத ராத்திரிகள்

மேடைக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பது என் தொழில். இருபது வருடமாக நாடகக் குழுக்களுக்கு வாசிக்கிறேன். நான் வாசித்த பெரும்பாலான நாடகங்களில் பாட்டு வந்ததும் கதை நின்றுவிடும். கைதட்டல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பும். ஒருமுறை நேரம் போதவில்லை என்று இடைவேளைக்குப் பிறகு இரண்டு பாட்டுகளைத் தூக்கிவிட்டார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. தூக்கினால் கதையே விழுந்துவிடுகிற மாதிரி ஒரு பாட்டை எப்படிப் போடுவது என்ற கேள்வி அன்றைக்குத்தான் மனதில் ஒட்டிக்கொண்டது.

அதற்காகவே நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஓடிய மியூசிக்கல்களின் (பாட்டோடு கதை சொல்லும் நாடகங்களின்) ஒரிஜினல் காஸ்ட் ஆல்பங்களில் ஐந்தை வாங்கினேன். அதாவது, மேடையில் நடித்தவர்களே பாடிய பதிவுகள். நான்கு பழைய எல்.பி. ரெக்கார்டுகள், ஹாமில்டன் மட்டும் இரட்டை சி.டி. இரண்டு மாதமாக ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வெளிவந்த வருட வரிசையிலேயே கேட்டேன்.

முதலில் ஓக்லஹோமா! 1943 மார்ச் 31-ல் நியூயார்க் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் தொடங்கி 2,212 காட்சிகள் ஓடியது. இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், பாடலும் வசனமும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். அந்தக் காலத்து மியூசிக்கல் என்றால் திரை விலகியதும் பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டு வருவார்கள். இதில் வயதான ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைகிறார். மேடைக்கு வெளியிலிருந்து ஒரு கௌபாயின் குரல், விடியற்காலையைப் பற்றிப் பாடிக்கொண்டே நெருங்கி வருகிறது. அவ்வளவுதான் தொடக்கம்.

பதிவு வெளிவந்த விதமும் முக்கியம். அப்போது அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் வேலையை நிறுத்தி வைத்திருந்தது. டெக்கா கம்பெனி சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்த கையோடு, மேடையில் பாடிய நடிகர்களையே கூட்டிவந்து ஆறு தட்டுகளாக இதை வெளியிட்டது. அதுவரை நாடகத்தில் பிடித்துப்போன பாட்டுகளைப் பெரும்பாலும் வேறு பாடகர்கள் பாடித்தான் விற்பார்கள். டிக்கெட் கிடைக்காதவர்களும் அந்த நடிகர்களின் குரலை வீட்டில் கேட்கலாம் என்று ஆனது இதோடுதான் பரவியது. என் கையில் இருப்பது பிறகு எல்.பி.யாக மாற்றியது. சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும், ஆனால் கௌபாயாக நடித்த ஆல்ஃப்ரெட் டிரேக் பாடும்போது ஒரு சொல்கூட மங்கவில்லை. காதலர்கள் இருவரும் பாடும் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். எனக்குப் பூங்கொத்து வீசாதே, நான் சொல்லும் வேடிக்கைக்கு ரொம்பச் சிரிக்காதே, ஊர் தப்பாக நினைக்கும் என்று ஒருவருக்கொருவர் தடை போட்டுக்கொண்டே போகிறார்கள். காதலிக்கிறேன் என்று இருவரும் சொல்வதே இல்லை. பாட்டு முடியும்போது நமக்கு மட்டும் விஷயம் தெரிந்துவிடுகிறது.

குறை என்றால், அக்னெஸ் டி மில் அமைத்த அந்தக் கனவு நடனம் தட்டில் இல்லை. கதாநாயகியின் பயத்தை ஒரு வரி வசனமும் இல்லாமல் காட்டிய நடனம் அது. ரெக்கார்டில் நடனத்தைப் பிடிக்க முடியாதுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அடுத்தது வெஸ்ட் சைட் ஸ்டோரி, 1957. நியூயார்க் தெருக்களில் மோதிக்கொள்ளும் இரண்டு இளைஞர் கும்பல்கள், அவற்றுக்கு நடுவே டோனி, மரியா இருவரின் காதல். ஐந்திலும் என்னை உலுக்கியது இதுதான். செப்டம்பர் 26 வியாழக்கிழமை நாடகம் தொடங்கியது, அந்த ஞாயிறு விடுமுறையிலேயே ரெக்கார்டிங். மூன்று நாள் வெறி குரல்களில் அப்படியே இருக்கிறது. லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் இசையைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். 'மரியா' என்ற மூன்று எழுத்துக்கு ச-வில் ஆரம்பித்துப் பிரதி மத்யமத்துக்கு (ப-வுக்கு ஒட்டிக் கீழே உள்ள ம) தாவி, அந்த நெருடலில் ஒரு கணம் நின்று, பஞ்சமத்தில் (ப) போய் உட்காருகிறார். சண்டைக் கும்பல்களின் இசையிலும் இதே ச–பிரதி மத்யமம் வருகிறது, ஆனால் அங்கே அது பஞ்சமத்துக்குப் போய் ஆறுவதில்லை. காதலுக்கும் பகைக்கும் ஒரே விதை. கடைசியில் மேலே அமைதியான மேஜர் கார்டு ஒலிக்கும்போது, கீழே பேஸ் ஸ்வரத்தில் அந்தப் பிரதி மத்யமம் மணி அடிப்பது போல் அடிக்கிறது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறு நாடகம்.

அப்புறம் சண்டைக்கு முன் வரும் ஐந்து தரப்புப் பாட்டு. இரண்டு கும்பல்கள், மரியாவின் தோழி அனிதா, டோனி, மரியா. எல்லோரும் பாடுவது இன்றிரவைப் பற்றித்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் அந்த ராத்திரி வேறு. ஹெட்போனில் ஒரு தடவை அனிதாவை மட்டும், அடுத்த தடவை ஒரு கும்பலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். முதல் அங்கம் மேடையில் இரண்டு பிணங்களோடு முடிகிறது. 1957-ல் மியூசிக்கல் பார்க்க வந்தவர்களை அப்படி இடைவேளைக்கு அனுப்ப எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய தட்டு விற்கும் ஒருவர் எனக்கு முதலில் அனுப்பிய வெஸ்ட் சைட் ஸ்டோரி வளைந்திருந்தது. ஊசி ஏறி இறங்க, சுருதி அலைந்தது. பிரதி மத்யமமே அசைந்தால் பாட்டு என்ன ஆகும்? திருப்பி அனுப்பி வேறு தட்டு வர மூன்று வாரம் ஆனது. பணம் கொடுப்பதற்கு முன், தட்டு சுழலும் வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்டீவன் சோண்ட்ஹைமின் கம்பெனி (1970) எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். வரிசையான கதை கிடையாது. 35 வயதாகியும் கல்யாணம் ஆகாத ஒருவன், அவனைச் சுற்றிக் கல்யாணமான நண்பர்கள். ஆனால் நடிகை எலைன் ஸ்ட்ரிட்ச் பாடும் 'த லேடீஸ் ஹூ லஞ்ச்' என்ற ஒரு பாட்டுக்காகவே வாங்கலாம். ரெக்கார்டிங் விடியும் வரை இழுத்து அவர் குரல் சரிந்துபோனதும், சில நாள் கழித்து வந்து பாடி முடித்ததும் டி. ஏ. பென்னிபேக்கரின் ஆவணப்படத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தட்டைப் போடுங்கள்.

ஒரு நாடகத்தின் நடன வரிசையில் இடம் கேட்டு வருபவர்களின் கதையான எ கோரஸ் லைன் (1975), நிஜ நடனக் கலைஞர்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசிய டேப்புகளிலிருந்து உருவானது. ஆல்பம் முழுக்கத் தனித்தனி ஆட்களாக அறிமுகமாகிறவர்கள், கடைசிப் பாட்டில் ஒரே குரலாகக் கரைந்துவிடுகிறார்கள். யார் யார் என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. தொண்டை அடைத்தது.

ஹாமில்டன், 2015. அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையைப் பெரும்பாலும் ராப்பில் சொல்லும் நாடகம். பிராட்வேயில் அது ஏறிய தியேட்டருக்கு ஓக்லஹோமா! இசையமைத்த அந்த ராட்ஜர்ஸின் பெயர்தான். 46 டிராக்குகள், கிட்டத்தட்ட முழு நாடகமும் இருக்கிறது. முதல் சி.டி.யின் 10, 11-வது டிராக்குகளைச் சேர்த்தே கேளுங்கள். பத்தாவதில் எலைசாவுக்கு ஹாமில்டன் மேல் காதல் வந்து கல்யாணம் வரை போகிறது. பதினொன்றில் அக்கா ஏஞ்சலிகா மணமக்களை வாழ்த்த எழுகிறாள். திடீரென்று சொற்கள் துண்டு துண்டாகி, காலம் பின்னால் ஓடி, முதல் சந்திப்பு ராத்திரி மறுபடி நடக்கிறது, இந்தத் தடவை அக்காவின் கண்ணால். தங்கைக்காக அவள் விட்டுக்கொடுத்தது எது என்று தெரிந்த பிறகு பத்தாவது டிராக்கை முன்பு கேட்ட மாதிரி கேட்க முடியவில்லை. ஹாமில்டனின் நண்பன் ஜான் லாரன்ஸ் இறந்த செய்தி வரும் சின்னக் காட்சி மட்டும் ஆல்பத்தில் இல்லை. நாடகத்தை எழுதிய லின்-மானுவல் மிராண்டா அதை அரங்கத்துக்கு வருபவர்களுக்கென்றே வைத்துவிட்டார். எனக்கு அது சரி என்றே படுகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வெஸ்ட் சைட் ஸ்டோரி. புதிதாகக் கேட்பவர் என்றால் ஹாமில்டனிலிருந்து ஆரம்பிக்கலாம்.

போன வாரம் புது நாடகத்துக்கு ஒத்திகை. இரண்டாவது காட்சிப் பாட்டை வாசித்து முடித்ததும் டைரக்டரிடம், "அண்ணே, இந்தப் பாட்டை எடுத்துட்டா கதையில என்ன குறையும்?" என்று கேட்டேன். அவர் ஸ்கிரிப்டை முன்னும் பின்னும் புரட்டினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாட்டு எழுதினவருக்குப் போன் போடுங்க தம்பி" என்றார்.