ஒரே வீரர், நான்கு விதிகள்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எந்த ஏற்பாடு நியாயமானது?

2025 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ, ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஃபுளோரிடா 65, ஹூஸ்டன் 63. கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்காக எழும்புகிறார், எதிரே வால்டர் கிளேட்டன் பாய்ந்து வருகிறார், எறிய வழியில்லாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிடுகிறார். தானே மறுபடி தொட்டால் டிராவலிங் என்ற விதிமீறல். அவர் கண்ணெதிரே பந்து துள்ளுகிறது, ஃபுளோரிடா வீரர் அதன்மேல் விழுகிறார், கோப்பை ஃபுளோரிடாவுக்கு.

அந்த அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் மூன்று முக்கிய கார்டுகளும் (guard) வேறு கல்லூரிகளில் தொடங்கியவர்கள். கிளேட்டன் ஐயோனாவிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து. கல்லூரி விளையாட்டு சந்தைக்கடை ஆகிவிட்டது என்று ஒரு தரப்பு புலம்புகிறது. இத்தனை வருஷம் சுரண்டியதற்கு இப்போதுதான் நியாயம் கிடைத்திருக்கிறது என்கிறது இன்னொரு தரப்பு. கொள்கையாகப் பேசினால் இந்தச் சண்டை தீராது. கிளேட்டனையே எடுத்துக்கொண்டு, இதுவரை இருந்த விதிகளிலும் இனி வரக்கூடிய விதியிலும் அவருக்கு என்ன நடக்கும், அவர் விட்டு வந்த சின்னக் கல்லூரிக்கு என்ன நடக்கும் என்று பார்த்தால் எனக்கு விஷயம் தெளிவாகிறது.

முதலில் பழைய ஏற்பாடு, அதாவது 2021 வரை இருந்தது. ஸ்காலர்ஷிப் உண்டு, சம்பளம் கிடையாது, விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கவும் கூடாது. கல்லூரி மாறினால் ஒரு சீசன் முழுக்கப் பயிற்சி மட்டும்தான், ஆட்டத்தில் இறங்க முடியாது. கிளேட்டன் ஐயோனாவில் ஆடிய இரண்டு வருஷமும் அவருடைய கோச் ரிக் பிட்டினோ. 2023 மார்ச்சில் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போனார், அடுத்த சீசனே அங்கே கோச்சாக நின்றார். பழைய விதிப்படி அதே கோடையில் கிளம்பிய கிளேட்டன் மட்டும் ஒரு வருஷம் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கோச்சை நம்பிச் சேர்ந்தவனுக்குத் தண்டனை, விட்டுப்போன கோச்சுக்கு ஒன்றுமில்லை. 2017இல் பிட்ஸ்பர்க்கில் பட்டம் வாங்கிவிட்டு நார்த் கரோலினாவுக்குப் போக நினைத்த கேம் ஜான்சனை, போனால் ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று பழைய கல்லூரி மறித்துப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் விட்டார்கள்.

பணமோ கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கல்லூரிகளின் தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் மார்ச் மாதப் போட்டியின் டி.வி. உரிமையை 2032 வரை எட்டு வருஷத்துக்கு நீட்டிக்க சி.பி.எஸ்.ஸும் டர்னரும் 2016இல் ஒப்புக்கொண்ட தொகை 880 கோடி டாலர். கன்சாஸ் கோச் பில் செல்ஃபின் 2023 ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு 5.3 கோடி டாலர். 2014இல் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழக) அணியைச் சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியரோ, சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாக அந்தப் போட்டி சமயத்தில் செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் எண் போட்ட ஜெர்சி கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. அதே மாதம், கல்லூரி விளையாட்டுக்கு விதி வைக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., சாப்பாட்டுக்கு வைத்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. சாப்பாட்டுக்குக்கூட ஒரு சாம்பியன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்த ஏற்பாட்டை "படிப்பு கிடைக்கிறதே" என்று சொல்லி நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

படிப்பு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை, கடனில்லாமல் பட்டம் வாங்குவது அமெரிக்காவில் லேசான காரியம் அல்ல. ஆனால் 1973இலிருந்து அந்த ஸ்காலர்ஷிப்பே வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒன்றாகத்தான் இருந்தது, பல வருஷத்துக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதி 2012 வாக்கில்தான் வந்தது. பழைய ஏற்பாட்டுக்குச் சாதகமாக நான் ஒன்றை மட்டும் மனதார ஒப்புக்கொள்வேன்: வர்ஜீனியா. 2018இல் பதினாறாம் சீடான (சீட் என்பது போட்டிக்கு முன் அணிகளுக்குத் தரும் தரவரிசை, முதல் சீட்தான் பலமானது) யு.எம்.பி.சி.யிடம் தோற்று, முதல் சீட் பதினாறாம் சீடிடம் தோற்ற முதல் ஆண்கள் அணி என்ற பெயர் வாங்கினார்கள். கைல் கய், டை ஜெரோம் எல்லாம் அங்கேயே இருந்து, மறுவருஷம் கோப்பையைத் தூக்கினார்கள். ஓர் அணி சேர்ந்து வளர்வதைப் பார்க்கும் அந்தச் சுகம் இப்போது அரிதாகிவிட்டது. அந்த அணியின் கோச் டோனி பென்னட், இன்றைய சூழலுக்குத் தான் பொருந்தவில்லை என்று சொல்லி 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது விலகினார். அது எனக்கும் வருத்தம்தான்.

இரண்டாவது, 2021 ஜூலை முதல் நான்கு வருஷம் நடந்த திறந்த சந்தை. அந்த ஜூன் மாதம்தான், படிப்பு சம்பந்தமான சலுகைகளுக்கு வைத்த வரம்பை எதிர்த்து வீரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். ஜூலை 1இலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது, அதைத்தான் எல்லோரும் என்.ஐ.எல். என்கிறார்கள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரிலேயே வந்துவிட்டது. 2021இல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள், 2024இல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள்.

கிளேட்டனுக்கு இது பொற்காலம். 2023இல் கிளம்பினார், உடனே ஆடினார், இரண்டு வருஷத்தில் சாம்பியன், இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஐயோனாவுக்கு ஒரு டாலர்கூட இல்லை. இங்கேதான் எனக்கு வலிக்கிறது. 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், பதினைந்தாம் சீடாக வந்து கென்டக்கியையும் பர்டியூவையும் சாய்த்துக் கடைசி எட்டு வரை போனதை நினைத்துப் பாருங்கள். சில நாட்களில் கோச் கிளம்பினார், அப்புறம் முக்கிய வீரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 2025 போட்டியில் கடைசி பதினாறு அணிகளும் நான்கே நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து (கல்லூரிகளின் லீக் குழுக்கள்) வந்தவை, சின்னக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. சின்ன இடங்கள் ஆளைக் கண்டுபிடித்து, இரண்டு வருஷம் பட்டை தீட்டி, பெரிய இடத்துக்குச் சும்மா கொடுப்பது என்றால் அது எத்தனை நாளைக்கு ஓடும்?

ஆனாலும் "பணம் வந்தால் டிரெஸ்ஸிங் ரூம் உடைந்துவிடும்" என்ற வாதத்தை மயாமி பல்கலைக்கழக அணி பொய்யாக்கியது. 2022 ஏப்ரலில் கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த நைஜல் பேக்குக்கு ஒரு தொழிலதிபர் இரண்டு வருஷத்துக்கு 8 லட்சம் டாலரும் காரும் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். உடனே அங்கே ஏற்கெனவே இருந்த ஐசாயா வாங்கின் ஏஜென்ட், தன் வீரருக்கும் கூடுதலாக வேண்டும், இல்லையேல் போர்ட்டல் என்றார். அணி சிதறும் என்று எழுதாதவர் இல்லை. வாங் தங்கினார், மறுவருஷம் இருவரும் சேர்ந்து மயாமியை அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஃபைனல் ஃபோருக்கு, அதாவது கடைசி நான்கு அணிகளுக்குள், கொண்டுபோனார்கள்.

திறந்த சந்தையின் நிஜமான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: வாய்வார்த்தை. 2024 டிசம்பர் கடைசியில் ஃபுளோரிடா ஸ்டேட்டின் முன்னாள் வீரர்கள் ஆறு பேர், ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று தங்கள் கோச்மீது வழக்குப் போட்டார்கள். அது அவர்கள் சொல்லும் புகார், அதன் உண்மை பொய்யைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் இருபது வயதுப் பையன்களின் வருமானம் யாரோ யாரிடமோ சொன்ன வார்த்தையில் தொங்கக்கூடும் என்கிற நிலைமையே தப்பு.

இதில் ஒரு கூட்டம் முழுசாக வெளியே நின்றது. எஃப்-1 விசாவில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும், கேம்பஸுக்கு வெளியே வேலை என்றால் எத்தனை கட்டுப்பாடு என்று. பர்டியூவின் ஏழடி நான்கு அங்குல சாக் ஈடி, கனடாக்காரர், இரண்டு வருஷம் தொடர்ந்து நாட்டின் சிறந்த வீரர், அவர் அளவுக்குப் பேர் இல்லாதவர்கள்கூட விளம்பரத்தில் சம்பாதிக்கும்போது அவருக்கு அமெரிக்காவில் கை கட்டியிருந்தது. கென்டக்கியின் ஆஸ்கார் ஷீப்வே, காங்கோவைச் சேர்ந்தவர், அணி பஹாமாஸுக்கு ஆடப்போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார்.

மூன்றாவது, இப்போது நடப்பது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வருமானத்தில் பங்கு கேட்டு வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். 2025-26இல் இந்த ஏற்பாட்டில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். 2016இலிருந்து ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர், பத்து வருஷத்தில். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைத் தெரிவித்து, அது நிஜமான விளம்பர மதிப்புதானா என்று சோதனைக்கு உட்பட வேண்டும்.

பழசைவிட நல்லதுதான், சந்தேகமே இல்லை, எழுத்தில் இருக்கிறது, கல்லூரியே பொறுப்பு. கிளேட்டன் மாதிரி ஒருவருக்கு வருமானம் உறுதியாகும். ஆனால் 2.05 கோடி என்ற உச்சவரம்பை வீரர்களோடு உட்கார்ந்து பேசி வைக்கவில்லை. தொழில்முறை லீகான என்.பி.ஏ.விலும் சம்பள வரம்பு இருக்கிறது, அதில் வீரர்கள் சங்கத்தின் கையெழுத்தும் இருக்கிறது. இங்கே அது இல்லை. ஐயோனாவின் நிலையும் மாறவில்லை, அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட அதனால் வர முடியாது. பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் அணி இல்லாத செயின்ட் ஜான்ஸ் மாதிரி இடங்களுக்கு மட்டும் கூடைப்பந்துக்கு அதிகம் ஒதுக்க வாய்ப்பு.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 2024இல் அயோவா, சவுத் கரோலினா மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தை சுமார் 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள், அந்த வருஷ ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடி. அப்படியிருந்தும் பழைய பாக்கியின் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும். பெண் வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள், செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான்காவது வழி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை: வீரர்களை ஊழியர்களாக ஏற்று, சங்கம் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம். டார்ட்மத் ஆண்கள் அணி 2024 மார்ச் 5 அன்று 13க்கு 2 என்று சங்கத்துக்கு ஓட்டுப் போட்டது. அது பழைய, பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக், விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது, வருஷக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சிக்கல்கள் நிஜமானவை. தேசியத் தொழிலாளர் வாரியத்தின் அதிகாரம் தனியார் கல்லூரிகளோடு சரி, மாநிலக் கல்லூரிகளுக்கு அந்தந்த மாநிலச் சட்டம், பல தென் மாநிலங்களில் அரசு ஊழியர் கூட்டாகப் பேரம் பேசுவதற்கே பெரிய தடை. வருமானமில்லாத நீச்சல், டென்னிஸ் அணிகளை மூடிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. எஃப்-1 மாணவர்களுக்குத் தனியாக வழி செய்தாக வேண்டும்.

இத்தனையும் தெரிந்தே நான் நான்காவதன் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் கிளேட்டன், ஐயோனா இருவரையும் ஒரே நேரத்தில் கவனிக்க இது ஒன்றில்தான் இடமிருக்கிறது. கிளேட்டன் ஐயோனாவில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தால், கோச் போய்விட்டால் தானும் போகலாம் என்று ஒரு ஷரத்து வைத்திருக்கலாம். பாதியில் மற்றொரு கல்லூரி தூக்கிக்கொண்டால் அந்தக் கல்லூரி ஐயோனாவுக்கு ஒரு தொகை கட்டலாம். சர்வதேசக் கால்பந்தில் ஃபிஃபா இதை வருஷக்கணக்காகச் செய்கிறது, இளம் வீரரை வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு போய்ச் சேருகிறது. காயம் பட்டால் மருத்துவச் செலவு எத்தனை வருஷம் என்பதையும் அதே தாளில் எழுதலாம்.

இப்போது கல்லூரிகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்பது இதற்கு நேர் எதிர்: வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்திலிருந்து (ஆன்டிட்ரஸ்ட்) விலக்கும், வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்ற அறிவிப்பும். அது கிடைத்துவிட்டால் வரம்பை வைப்பதும் மாற்றுவதும் அவர்கள் கையில் மட்டும் இருக்கும், எதிர்த்துக் கேட்க வீரர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இடமான நீதிமன்றக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும். ஒபானன், ஆல்ஸ்டன், ஹவுஸ் வழக்குகள் என்று வீரர்களுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி அந்தக் கதவைத் தட்டித்தான் கிடைத்தது, அதனால் சங்கம் வராமல் அந்த விலக்கு மட்டும் வருவதை நான் முழுசாக எதிர்க்கிறேன்.