டீசல்-மின் ஹைபிரிட் பேருந்து: நின்று நின்று போனால் அருமை, விரைவுச்சாலையில் சாதாரணம்

டீசலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் பேருந்துகள் சிங்கப்பூர்ச் சாலைகளுக்கு 2018 இறுதியில் பெரிய எண்ணிக்கையில் வரத் தொடங்கின. நிலப் போக்குவரத்து ஆணையம் ஏறத்தாழ 30 மில்லியன் வெள்ளி கொடுத்து 50 பேருந்துகளை வாங்கியிருந்தது. மற்றப் பல பேருந்துகளைப் போலவே இவற்றுக்கும் அதே பச்சை நிறம்தான் என்பதால் பலர் ஹைபிரிட்டில் ஏறி இறங்கியதே தெரியாமல் போயிருப்பார்கள். புக்கிட் பாத்தோக்கில் குடியிருந்து, வேலைக்கும் சந்தைக்கும் தேக்காவுக்கும் பேருந்தையே நம்பியிருக்கிற எனக்கு அந்த வித்தியாசம் காதில்தான் முதலில் பட்டது.

நிறுத்தத்தில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடும். டீசல் பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கால் முதல் பல் வரை அதிருமே, அந்த அதிர்வு நின்று போகும். முன்னால் இருக்கிற பாட்டி தொலைபேசியில் மருமகளைப் பற்றிச் சொல்வது பேருந்து முழுக்கக் கேட்கும். அப்புறம் கதவு மூடி, ஓசையில்லாமல் கிளம்பும். வேகம் 20 கிலோமீட்டரை நெருங்கும்வரை மின்மோட்டார்தான் இழுக்கிறது. அதற்குப் பிறகு டீசல் என்ஜின் கைகொடுக்கும். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகச் சூடாகிப் போக வேண்டிய ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். வெளியிலிருந்து சார்ஜ் எதுவும் தேவையில்லை. பேட்டரி சிறியது, பேருந்தை வெகுதூரம் தனியாக இழுக்கும் சக்தி அதற்கு இல்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிரம்பிக் காலியாவதுதான் அதன் வேலை.

என்ஜினும் சிறியதுதான்: நான்கு சிலிண்டர், சுமார் 5 லிட்டர். இங்கே ஓடும் சாதாரண டீசல் பேருந்துகளில் 10 லிட்டரைத் தாண்டிய என்ஜின்கூட உண்டு. கிளம்பும்போது வேண்டிய உந்துதலை மோட்டார் கொடுத்துவிடுவதால் பாதி அளவு என்ஜினே போதும் என்பது கணக்கு. எங்கள் வட்டாரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆள் நிறைந்த காலை நேரத்தில் மேடேறும்போது மட்டும் அந்தச் சின்ன என்ஜின் முக்குவது கேட்கும். இறக்கத்தில் இறங்கும்போது அதற்கு நேர்மாறு, பேட்டரிக்கு விருந்து.

குறை என்று சொன்னால் முதலில் அந்தக் கைமாற்றம். மோட்டாரிலிருந்து என்ஜினுக்கு மாறும் நொடியில் ஒரு சின்னத் தள்ளல் வரும். உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. ஈரச்சந்தையில் மீனும் காயும் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு நிற்பவருக்குத் தெரியும். ஆனால் எல்லா ஓட்டுநரிடமும் இது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் வந்து போகும் ஒரு தமிழ் ஓட்டுநர், முனையத்தில் ஓய்வாக நின்றபோது இதைப் பற்றிக் கேட்டேன். "மெதுவா மிதிச்சா பேட்டரியிலயே கிளம்பிடும்க்கா. அழுத்தினா உடனே டீசல் வந்துரும். லேட்டாயிட்டா யாரு மெதுவா மிதிப்பாங்க, சொல்லுங்க?" என்றார். எரிபொருள் மிச்சம் என்று விளம்பரத்தில் போடும் எண்ணில் இந்த அவசரம் சேர்ந்திருக்காது.

அடுத்தது நம்ம ஊர் வெயில். ஐரோப்பாவில் ஹைபிரிட் பேருந்து என்ஜினை அணைத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம். இங்கே ஆண்டு முழுக்க ஏர்கான் ஓடியாக வேண்டும். நண்பகலில் நிறுத்தத்தில் நின்றும் என்ஜின் அணையாத சமயங்களைப் பார்த்திருக்கிறேன். இரவில், கூட்டம் குறைந்தபின், அதே தடத்தில் அமைதி கூடுதலாகக் கிடைக்கும்.

தீவு விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் ஹைபிரிட் என்பதற்கே அர்த்தம் இல்லை. பேருந்துக்கு அங்கே 60 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அந்த ஒரே வேகத்தில் நிற்காமல் போகும்போது பிரேக்கிலிருந்து திருப்பிப் பிடிக்க என்ன இருக்கிறது? மோட்டாரையும் பேட்டரியையும் சும்மா சுமந்து போகிற டீசல் பேருந்து, அவ்வளவுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே முந்நூறு நானூறு மீட்டருக்கு ஒரு முறை நின்று போகும் ஃபீடர் தடங்களில் (குடியிருப்புகளை ரயில் நிலையத்தோடு இணைக்கும் குறுந்தடங்கள்) மட்டும் இவற்றை ஓட்டினால் போட்ட காசு திரும்பும் என்பது என் கருத்து.

அப்படியானால் ஹைபிரிட் மினிபஸ்களை விடலாமே என்று என் தம்பி அடிக்கடி சொல்வான். குறுகிய உட்சாலை, கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய வளைவு, பலதுறை மருந்தகத்துக்குப் போகும் முதியவர்கள் பத்துப் பேர் என்று யோசித்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வண்டி இலேசாக இருந்தால் பிரேக்கில் மீட்கும் ஆற்றலும் குறையும். ஆனால் என்ஜின், மோட்டார், பேட்டரி, கட்டுப்பாட்டுக் கருவி என்று எல்லாமே வேண்டும், விலை அந்த அளவுக்கு இறங்காது. இருபது பேர் போனாலும் எண்பது பேர் போனாலும் ஓட்டுநர் ஒருவர்தான், சம்பளமும் ஒன்றுதான். காலை ஏழரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் சின்ன வண்டி கேட்க மாட்டார்கள். அந்த அளவு வண்டிக்கு முழு மின்சாரமே பொருத்தம். போகும் தூரம் குறைவு, பணிமனைக்குத் திரும்பியதும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

முழு மின் பேருந்துகளும் வந்துவிட்டன. ஆணையம் 2018இல் சுமார் 50 மில்லியன் வெள்ளிக்கு 60 மின் பேருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 2020இலிருந்து அவை ஓடுகின்றன. 2030க்குள் கிட்டத்தட்ட 6,000 பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவது திட்டம். மின் பேருந்தில் அந்தக் கைமாற்றத் தள்ளல் கிடையாது, கடைசி வரிசை அதிர்வும் கிடையாது. ஒரே வாரத்தில் இரண்டிலும் போனால் ஹைபிரிட் பழசாகத் தெரியும். ஆனால் மின் பேருந்துக்குப் பணிமனையில் சார்ஜர் வேண்டும், அதற்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். ஹைபிரிட் அதே டீசல் பம்பில் நிரப்பிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனது. மின் பேருந்து வரும்வரை இருந்த அந்த இடைவெளியை ஓட்டிக் கொடுத்ததற்காகவாவது அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை: நிற்க வேண்டியிருந்தால் நடுக்கதவு அருகே கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கிளம்பிய சில நொடிகளில் அந்தத் தள்ளல் வரும். உட்கார இடம் கிடைத்தால் முன்பாதி நல்லது, என்ஜின் பின்னால்தான் இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி நடப்பவர்கள் காதை நம்பாமல் திரும்பிப் பார்த்துக் கடப்பது நல்லது, கிளம்பும்போது இதற்குச் சத்தமே வராது.