தேடுபொறியின் எண்ணிக்கையை நம்பி ஒன்பது வருடம்

திருவொற்றியூரிலிருந்து போன வாரம் தம்பி முறையாகும் ஒருவன் போன் செய்தான். அவர்கள் பகுதியில் கோவில் விழா மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். "அண்ணா, காலடிப்பேட்டையா, காலாடிப்பேட்டையா? நீங்கதான் நெட்ல எது அதிகமா வருதுன்னு பார்த்து டக்குனு சொல்லுவீங்களே" என்றான். ஐந்து வருடம் முன்னால் என்றால் அவன் பேசி முடிப்பதற்குள் தட்டிப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பேன். இந்த முறை "நாளைக்குச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். ஏன் என்று போனில் விளக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தங்கசாலை பக்கம் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை எனக்கு, அதாவது கணினியில் அடித்துப் பக்கம் அமைப்பது. ப்ரூஃப் பார்ப்பதும் நான்தான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் வரும். வடசென்னையில் இந்த வேலை பார்ப்பவனுக்குத் தலைவலியே ஊர்ப் பெயர்தான். ராயபுரம் என்று ஒருவர் எழுதித் தருவார், இராயபுரம் என்று அவர் சம்பந்தி திருத்துவார். வண்ணாரப்பேட்டையில் 'ப்' வேண்டும் என்பார் ஒருவர், எங்கள் கடை போர்டில் இல்லையே என்பார் இன்னொருவர். அகராதியில் ஊர்ப் பெயர் இருக்காது. அதனால் ஒரு பழக்கம் வந்தது: இரண்டு வடிவத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது, மேலே எத்தனை முடிவுகள் என்று வரும் எண்ணைப் பார்ப்பது, பெரிய எண்ணுக்கு மாலை போடுவது. ஒன்பது வருடம் இப்படித்தான் ஓடியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேடுவதற்கு இதைவிட நல்ல கருவி என் கையில் கிடைத்ததில்லை. 'காலடி' என்று வெறுமனே போட்டால் கேரளத்தில் ஆதிசங்கரர் பிறந்த காலடிதான் பக்கம் பக்கமாக வரும். கழித்தல் குறி போட்டு 'சங்கரர்' என்று சேர்த்தால் அந்தக் கூட்டம் விலகிவிடும். ராயபுரம் தேடும்போது திருப்பூர் ராயபுரம் உள்ளே வந்தால் '-திருப்பூர்'. பிடிஎஃப் மட்டும் வேண்டும், இந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடு என்றெல்லாம் சொல்லலாம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மலருக்குக் கட்டுரை தந்தபோது, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் புறப்பட்ட தேதியில் இடித்தது. 1856 ஜூலை 1 என்பதைப் பத்து நிமிடத்தில் உறுதி செய்தேன். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

என் சண்டை முழுக்க அந்த ஓர் எண்ணோடுதான்.

ஒரு தெருவில் சைக்கிள் வைத்திருக்கும் வீடு முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளோ பைக்கோ இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று கேட்டால், முப்பதுக்குக் கீழே வர முடியுமா? முடியாது. சைக்கிளும் வேண்டும் பைக்கும் வேண்டும் என்றால் முப்பதுக்கு மேலே போக முடியாது. இவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் செருப்புத் தைப்பவரின் மகனாக 1815இல் பிறந்து, பெரும்பாலும் தானே படித்து, அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியர் ஆன ஜார்ஜ் பூல் இதைத்தான் குறியீடுகளில் எழுதி வைத்தார். 'ஆண்ட்' (இரண்டும் வேண்டும்), 'ஆர்' (OR, இரண்டில் ஒன்று போதும்), 'நாட்' (இது வேண்டாம்) என்று தேடும்போது நாம் போடுவதெல்லாம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

என் தேடுபொறி அதை மதிப்பதில்லை. 'காலடிப்பேட்டை' என்று தனியாகப் போட்டேன், ஓர் எண் வந்தது. 'ஆர்' போட்டு 'காலாடிப்பேட்டை'யையும் சேர்த்தேன். எண் பாதியாகக் குறைந்தது! சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் வேறோர் எண். ஒரு சொல்லைக் கழித்தல் குறியால் நீக்கினால் சில நேரம் எண் கூடுகிறது. ஒன்றை எடுத்த பிறகு குவியல் எப்படிப் பெரிதாகும்? அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தால், முதல் பக்கத்தில் ஆயிரங்களில் நின்ற கணக்கு கடைசியில் சில டஜனுக்குச் சுருங்கிவிடும். மறுநாள் காலையில் அதே தேடலைப் போட்டால் நேற்றைய எண் இல்லை.

என் பக்கத் தவறும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 'ஆர்' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்தால் அது இன்னொரு சாதாரணச் சொல்தான். அது தெரியாமலே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டாலும் வேலை செய்யாது. ஆனால் இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் கணக்கு உதைத்தது.

நான்கு வருடம் முன்னால் ஒரு பெரியவர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். முகவரியில் 'காலாடிப்பேட்டை' என்று எழுதியிருந்தார். நான் தேடிப் பார்த்து, 'ஐயா, மற்றதுதான் ரொம்ப அதிகம், மாத்திடலாம்' என்றேன். அவர் தயங்கினார். நான் திரையைத் திருப்பி அந்த எண்ணைக் காட்டினேன். அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டார். அச்சான பிறகு அவர் மகன் வீட்டுப் பத்திரத்தோடு வந்தார். மூன்று தலைமுறையாக அவர்கள் எழுதுவது வேறு. "நீங்க கம்ப்யூட்டரைக் காட்டினதால அப்பா பேசலை" என்றார். நானூறு பத்திரிகையை என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். காசு போனது பெரிதில்லை. எழுபது வயதுக்காரர் தன் ஊர்ப் பெயரைத் தானே தப்பாக எழுதிவிட்டோமோ என்று என் எதிரில் ஒரு நிமிடம் குழம்பி நின்றார். அந்த முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும், அது வரும் பக்கங்களின் பட்டியல் ஒன்று தேடுபொறியிடம் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஓர் இடத்தில் இல்லை, ஏகப்பட்ட கணினிகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நாம் கேட்பதோ முதல் பத்து முடிவு. அரை நொடியில் அதைக் கொடுக்க, எல்லாப் பட்டியலையும் கடைசி வரை படித்துக்கொண்டிருக்க முடியாது. போதுமான அளவு நல்ல பக்கங்கள் கிடைத்ததும் நிறுத்திவிட்டு, பார்த்த பங்கை வைத்து மொத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கிறது. ஒற்றைச் சொல்லுக்கு ஊகம் ஓரளவு நிற்கும். இரண்டு மூன்று சொல்லை 'ஆர்', கழித்தல் என்று பின்னும்போது ஊகத்தின் மேல் ஊகம் ஏறுகிறது. இன்று பதில் தரும் கணினிக் கூட்டம் நாளை தருவதில்லை, அதனாலும் எண் மாறுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடலை நிரலாளர்களுக்குத் திறந்து வைத்திருந்தபோது, அந்த எண்ணுக்கு வைத்திருந்த பெயரே 'மதிப்பிடப்பட்ட மொத்தப் பொருத்தங்கள்' என்ற பொருளில்தான் இருந்தது.

புதிய கண்டுபிடிப்பும் இல்லை இது. பிரான்சின் மொழியியலாளர் ழான் வெரோனி, 'ஆர்' போட்டால் தனிச்சொல்லைவிடக் குறைவாக வரும் விசித்திரத்தை 2005இலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். அகராதித் துறையில் பெயர் பெற்ற ஆடம் கில்காரிஃப், இந்த எண்ணிக்கையை வைத்து மொழியை ஆராய்வது மோசமான அறிவியல் என்றே 2007இல் எழுதினார். அவர்கள் எழுதியதற்கும் அந்தப் பெரியவர் என் மேசைக்கு வந்ததற்கும் நடுவில் எத்தனை வருடம்! எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஆதங்கமாக இருக்கிறது.

காசிமேட்டில் ஏலம் விடுபவர் கூடையில் உள்ள மீனை எண்ணுவதில்லை. மேலாகப் பார்த்து விலையைத் தொடங்குவார். வாங்குபவருக்கும் அது கண்ணளவு என்று தெரியும், அதனால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. கூடையில் எத்தனை மீன் என்று கடைசி ஒற்றை எண் வரை எழுதி அவர் துண்டுச் சீட்டு கொடுத்தால்தான் தப்பு. தேடுபொறி செய்வது அதுதான். 'சுமார்' என்று சின்னதாக ஒரு சொல், அதன் பின்னால் கமா போட்ட ஆறு ஏழு இலக்கம். என்னைப் போன்றவன் கண் அந்த இலக்கத்துக்குத்தான் போகும். 'சரியாகத் தெரியவில்லை' என்றோ 'நிறைய' என்றோ போட்டிருந்தால் நான் அந்தத் திரையைத் திருப்பிக் காட்டியிருக்க மாட்டேன்.

தமிழில் இன்னும் சிக்கல். மேற்கோள் குறிக்குள் 'காலடிப்பேட்டை' என்று போட்டால், அந்த வடிவம்தான் தேடப்படுகிறது. ஆனால் நாம் எழுதுவது காலடிப்பேட்டையில், காலடிப்பேட்டைக்கு, காலடிப்பேட்டையிலிருந்து என்றுதானே? வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டால் அது வேறு சொல். ராயபுரம் இன்னும் மோசம்: ராயபுரத்தில் என்று ஆனதும் கடைசி 'ம்' போய்விடுகிறது. கொருக்குப்பேட்டை என்று தேடுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 'கொ' எழுத்தில் வரும் ஒகரக் குறியை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் பொது முறையான யூனிகோடில், ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே எண்கள் வேறு. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், எல்லாம் செய்யும் என்று சொல்ல முடியாது. 'கௌரி'யை 'கெளரி' என்று ளகரம் போட்டு அடித்த பக்கங்களுக்கோ அந்த ஒன்றாக்கும் வழியும் கிடையாது.

இதற்கெல்லாம் மேலே, எங்கள் அச்சகத்தில் மட்டும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த மலர்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. அந்தக் கோப்புகளை அப்படியே இணையத்தில் ஏற்றினாலும் தேடுபொறிக்கு அவை தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குப்பை. அந்த மலர்களில் எழுதிய ஆசிரியர்களும் கோவில் தர்மகர்த்தாக்களும் ஊர்ப் பெயரை எப்படி எழுதினார்கள் என்பது எந்த எண்ணிலும் சேரவில்லை.

இப்போது நான் செய்வது: எண்ணைப் பார்ப்பதில்லை. முதல் முப்பது முடிவைத் திறந்து, யார் எழுதியது, எந்த வருடம், ஒரே செய்தியை நகல் எடுத்த பக்கமா என்று பார்த்து நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறேன். ஒரு பெயருக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

நண்பர்கள் கேட்டால் என் தீர்ப்பு இதுதான்: தேடுவதற்கு முழு மதிப்பெண் கொடுத்தவன்தான் நான், இருந்தாலும் ஐந்துக்கு ஒன்றுதான் தருவேன். அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுக்கட்டும், அன்றைக்கு மீதி நான்கையும் தருகிறேன்.

அப்புறம், தம்பிக்குச் சொன்ன பதில். ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி காலடிப்பேட்டையில் இறங்கி, தேரடி வரை நடந்தேன். கடை போர்டுகளில் இரண்டு வடிவமும் இருக்கின்றன, ஒரே கட்டடத்தின் கீழ்க்கடையில் ஒன்று, மாடியில் மற்றொன்று. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை அது. காலட் பேட்டை நம் வாயில் புரண்டு இப்படி ஆனது. காலடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"அட்டையில காலடிப்பேட்டைன்னு போடு. உள்ள பெரியவங்க கட்டுரையில அவங்க எப்படி எழுதியிருக்காங்களோ அப்படியே விட்டுடு, கை வைக்காதே" என்றேன். "ரெண்டும் வந்தா தப்புன்னு சொல்லமாட்டாங்களாண்ணா?" என்றான். காலட் கதையை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் வருகிறது.