‘ஹார்ட்வோர்ம் சிகிச்சை முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்தால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் ரெஸ்க்யூ குழுக்களிடமிருந்து (ஆதரவற்ற நாய்களை மீட்டுத் தத்துக் கொடுப்பவர்கள்) நாய் தத்தெடுக்கப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எச்சரிக்கை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி பக்கத்து ஷெல்டர் நாய்களை வேனில் ஏற்றி வடக்கு மாநிலங்களுக்குக் கொண்டுவந்து தத்துக் கொடுப்பது அங்கே வெகுநாளாக நடக்கிறது. தெற்கில் கொசு அதிகம். ஹார்ட்வோர்ம் என்பது நாயின் இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் வளரும் புழு, அது கொசுக்கடியால்தான் பரவுகிறது. அதனால் அந்த நாய்களில் பலவற்றுக்கு ஹார்ட்வோர்ம் டெஸ்ட் பாசிட்டிவாக வரும். அது யாருடைய தப்பும் இல்லை. தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது.

20 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின நாய். தத்துக் கட்டணத்துக்கு மேல் ‘ஹார்ட்வோர்ம் சிகிச்சைச் செலவு’ என்று 600 டாலர் தனியாக வாங்கினார்கள். காகிதத்தில் ‘பாசிட்டிவ், சிகிச்சை முடிந்தது’ என்று ஒரே வரி. ஆறே வாரத்தில் நாய்க்கு வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்கல். புதிய டாக்டர் பழைய மருத்துவமனையின் முழு ரெக்கார்டையும் வரவழைத்தார். மாதாமாதம் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை, 14 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான் இருந்தது. வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமைன் ஊசி ஒரு சொட்டுகூடப் போடவில்லை.

ஐவர்மெக்டின் மாத்திரை தடுப்பு மருந்து. கொசு புதிதாக இறக்கிய இளம் லார்வாக்களைக் கொல்லும். நுரையீரல் தமனியில் ஏற்கெனவே வளர்ந்து கிடக்கும் புழு அதனால் சாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் ரத்தக்குழாய் கெட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு ‘ஸ்லோ கில்’ என்று பெயர். ஊசி தாங்காத நாய்க்கு வேறு வழியில்லாமல் டாக்டர் இதைத் தேர்ந்தெடுப்பது உண்டு. ஆனால் இதைத் தொடங்கிவிட்டு ‘முடிந்தது’ என்று எழுதி, ஊசிக்கான பணத்தை வாங்குவது ஏமாற்று வேலை.

முறையான சிகிச்சை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பில்லைப் பார்த்ததுமே பிடித்துவிடலாம். அமெரிக்க ஹார்ட்வோர்ம் சங்கம் சொல்லும் முறையில் முதலில் 4 வாரம் டாக்ஸிசைக்ளின். புழுவின் உடம்புக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஒழிக்கத்தான் இது. கூடவே தடுப்பு மருந்தும் தொடங்கிவிடும். பிறகு ஒரு மாதம் காத்திருப்பு. ஏறக்குறைய 60ஆம் நாளில் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அதற்கு மறுநாளே மூன்றாவது. எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் செத்தால் துண்டு துண்டாக நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இப்படிப் பிரித்துப் போடுகிறார்கள். ஆக, பாசிட்டிவ் வந்த ஒரே மாதத்தில் சிகிச்சை முடிந்தது என்றால் இந்த முறை நடக்கவில்லை என்றே பொருள்.

கணக்கும் எளிது. ஒவ்வொரு ஊசியிலும் நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் மெலார்சோமைன். ஒரு குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம் பொடி. 2 மில்லி தண்ணீரில் கரைப்பார்கள். 20 கிலோ நாய்க்கு ஊசிக்கு ஒரு குப்பி, மொத்தம் மூன்று. ரெக்கார்டில் மூன்று தேதி, மூன்று அளவு, அன்றைய எடை எல்லாம் இருக்க வேண்டும். ஊசி போடுவது இடுப்புக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டிய சதையில், ஆழமாக. பெரும்பாலும் அந்த இடத்து முடியை மழித்திருப்பார்கள். போன வாரம்தான் ஊசி போட்டோம் என்று சொல்லும் நாயின் முதுகில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்: மழித்த தடமோ, வலியோ, வீக்கமோ எதுவுமே இல்லாவிட்டால் ரெக்கார்டு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

‘ரத்தத்தில் புழு இல்லை’ என்று மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் ஒன்றைக் காட்டுவதும் உண்டு. அதில் பார்ப்பது குட்டிப் புழுக்களை மட்டும். தடுப்பு மருந்திலேயே அவை மறைந்துவிடும். தாய்ப்புழு உள்ளேயே இருக்கும். வளர்ந்த பெண்புழு விடும் புரதத்தை ரத்தத்தில் தேடும் ஆன்டிஜன் டெஸ்ட்தான் கணக்கு. அதுவும் கடைசி ஊசிக்கு 9 மாதம் கழித்து எடுத்தால்தான் தீர்மானமாகச் சொல்லும். மூன்று மாதத்தில் எடுத்து ‘இன்னும் பாசிட்டிவ், இன்னொரு சுற்று ஊசி வேண்டும்’ என்று பில் நீட்டினால் அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். நெகட்டிவ் என்று தரும் நாய்க்கும் ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். புழு உடம்பில் நுழைந்து ஆறு மாதம் வரை டெஸ்டில் தெரியாமலே இருக்கும்.

ஊசி உண்மையிலேயே போட்டிருந்தாலும் கடைசி ஊசிக்குப் பிறகு 6 முதல் 8 வாரம் ஓட்டம், குதியாட்டம், பந்து விளையாட்டு எதுவும் கூடாது. கயிற்றில் பிடித்து வெளியே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தால் போதும். இதைச் சொல்லாமலே நாயைக் கொடுத்து அனுப்புகிறார்கள், இதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. இருமலில் ரத்தம் வந்தால், ஈறு வெளுத்தால், அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் மருத்துவமனையின் முழு ரெக்கார்டு உங்கள் டாக்டருக்கு நேரடியாக வர வேண்டும். ரெஸ்க்யூ குழு தட்டச்சு செய்த சுருக்கம் போதாது. சிகிச்சை பாக்கி என்றால், எந்த மருந்து, எத்தனை ஊசி, யார் செலவு, எந்த மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாமா, இடையில் குழு விலகினால் என்ன என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும், அதை நம்பி இறங்காதீர்கள். கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ரெக்கார்டில் ஊசியே இல்லை என்று தெரிந்தால் வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து மனுக் கொடுக்க அந்த ரெக்கார்டு உதவும் ஆதாரம்.