சீமக்ஸ் டெர்மினல்: ஏஜென்ட்களுடன் அன்றாடம் வேலை செய்தபின் எழுதும் குறிப்பு

கொழும்பில் மென்பொருள் எழுதும் நம்மவர்களில் பலர் கிளோட் கோட், கோடெக்ஸ், ஜெமினி சீஎல்ஐ ஆகிய ஏஜென்ட்களுள், அதாவது நிரலைத் தாமே எழுதி இயக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுள், ஒன்றையேனும் இன்று பயன்படுத்துகின்றனர். 2025 ஆம் ஆண்டின் முற்பாதியில் அடுத்தடுத்து வெளிவந்த இம்மூன்றும் டெர்மினலுக்குள், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் எழுத்துத் திரைக்குள், இயங்குபவை என்பதால், வேலைநாளின் பெரும்பகுதி மறுபடியும் அந்தத் திரையிலேயே கழிகிறது. ஆனால் அங்கே நாம் செய்யும் வேலை பழையது அன்று. முன்னர் ஒரு கட்டளையை இட்டு அதன் விடையைப் பார்த்தோம். இப்போது ஏஜென்ட் பல நிமிடங்கள் தானாக இயங்கிவிட்டு, நடுவில் நின்று, இந்தக் கட்டளையை இயக்கலாமா என்று கேட்டு நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இரண்டு மூன்று ஏஜென்ட்களை ஒரே நேரத்தில் நடத்தும்போது, எது ஓடிக்கொண்டிருக்கிறது, எது முடித்துவிட்டது, எது நம்மைக் கேட்டு நிற்கிறது என்பதை அறிவதே பெரும் சிக்கலாகிவிடுகிறது. சீமக்ஸ் என்னும் டெர்மினல் செயலியை நான் தொடர்ந்து வைத்திருப்பதற்குக் காரணம், அது இந்த ஒரு சிக்கலை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டிருப்பதுதான்.

சீமக்ஸ் மேக்ஓஎஸ் கணினிகளுக்கான இலவசச் செயலி. அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. எழுத்துகளைத் திரையில் வரையும் வேலையை அது கோஸ்டி என்னும் டெர்மினலின் நூலகத்திடம் விட்டுவிடுகிறது. மிட்செல் ஹஷிமோட்டோ தொடங்கி, 2024 டிசம்பரில் 1.0 பதிப்பாக வெளியிட்ட அந்த டெர்மினலை ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள், தங்கள் எழுத்துரு, நிறம் ஆகிய அமைப்புகளை மறுபடி எழுத வேண்டியதில்லை. சீமக்ஸ் அதே அமைப்புக் கோப்பைப் படித்துக்கொள்கிறது. செயலி ஸ்விஃப்ட் மொழியில், மேக்ஓஎஸ்ஸின் சொந்த அமைப்புகளைக் கொண்டே எழுதப்பட்டிருப்பதும் எனக்கு முக்கியமானது. எம்மில் பலரிடம் இருப்பவை 8 அல்லது 16 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினிகள். ஏஜென்ட்களும் அவை இயக்கும் சோதனைகளும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்போது, டெர்மினலாவது இலேசாக இருக்க வேண்டும்.

திரையின் இடப்பக்கத்தில் தாவல்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாவலும் தன் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கிளையையும், வேலை செய்யும் கோப்புறையையும், அதில் திறந்திருக்கும் போர்ட்டுகளையும் (நிரல்கள் வலைத்தொடர்பை ஏற்கும் எண்ணிட்ட வாயில்கள்), கடைசியாக வந்த அறிவித்தலின் வாசகத்தையும் காட்டுகிறது. ஏஜென்ட் நம் கவனத்தைக் கோரும்போது அது இருக்கும் பகுதியைச் சுற்றி நீல வளையம் தோன்றுகிறது. ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தினால் கடைசியாக வந்த, இன்னும் படிக்கப்படாத அறிவித்தல் இருக்கும் இடத்துக்கே நேராகச் சென்றுவிடலாம். இதன் பின்னால் இருப்பது எளிய வழிமுறைதான். டெர்மினல்கள் பல காலமாக அறிந்திருக்கும் ஓஎஸ்சி 9, 777 போன்ற குறியீட்டுத் தொடர்களை ஏஜென்ட் அனுப்புகிறது, அல்லது ஏஜென்டின் ஹூக் அமைப்பிலிருந்து (குறித்த நிகழ்வின்போது ஒரு கட்டளையைத் தானாக இயக்கும் வசதி) சீமக்ஸின் சொந்தக் கட்டளை அழைக்கப்படுகிறது. கிளோட் கோடில் பதிலுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு ஒரு ஹூக்கும், வேலை முடிந்த நிலைக்கு வேறொரு ஹூக்கும் இருப்பதால், இரண்டுக்கும் வெவ்வேறு வாசகங்களை எழுதிவைத்துள்ளேன். இந்தச் சிறு ஏற்பாட்டைச் செய்யாமல் சீமக்ஸை நிறுவுபவர் அதன் பயனில் பாதியைக் கூட அடையமாட்டார்.

இந்த அறிவித்தல்கள் வெறும் வசதிக்கானவை என்று நான் கருதவில்லை. ஏஜென்ட் ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்பது தொல்லையாக இருக்கிறது என்று கூறி, அனுமதி கேட்கும் வழக்கத்தையே முற்றாக நிறுத்திவிடும் பழக்கம் நம் அலுவலகங்களில் பரவி வருகிறது. அப்படிச் செய்வோரோடு பேசிப் பார்த்தால், தொல்லை கேள்வியில் இல்லை என்பது புலப்படும். கேள்வி வந்ததே தெரியாமல் வேறு சாளரத்தில் இருந்துவிட்டு, கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஏஜென்ட் முதல் நிமிடத்திலேயே நின்றுவிட்டதைக் காண்பதுதான் அவர்களைச் சலிப்படையச் செய்கிறது. கேள்வி வந்த கணத்திலேயே அது கண்ணில் பட்டால், பதில் சொல்ல இரண்டு விநாடி போதும். கோப்புகளை அழிக்கவும், தரவுத்தளத்தின் அட்டவணைகளை மாற்றவும், நிரலைக் களஞ்சியத்துக்கு அனுப்பவும் வல்ல ஒரு கருவியிடமிருந்து அந்த இரண்டு விநாடியைப் பறிக்கக் கூடாது. வாசிப்பது, தேடுவது, சோதனைகளை ஓட்டுவது ஆகியவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்குக் கேட்கச் செய்வதே என் வழக்கம்; நல்ல அறிவித்தல் இருந்தால்தான் அந்த வழக்கத்தை நாள் முழுதும் கடைப்பிடிக்க முடிகிறது.

ஏஜென்ட்களை ஒன்றையொன்று மிதிக்காமல் வைத்திருப்பதற்கு நான் நம்பியிருப்பது கிட்டின் வேர்க்ட்ரீ வசதியை. 2015 இல் 2.5 பதிப்புடன் வந்த அது, ஒரே களஞ்சியத்தின் வெவ்வேறு கிளைகளை வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே நேரத்தில் விரித்துவைக்க உதவுகிறது. கிளைக்கு ஒரு வேர்க்ட்ரீ, வேர்க்ட்ரீக்கு ஒரு தாவல், தாவலுக்கு ஒரு ஏஜென்ட் என்ற ஒழுங்கு வந்தபின், தாவலில் தெரியும் கிளைப் பெயரே ஏஜென்டின் அடையாளமாகிவிடுகிறது. புதிய வேர்க்ட்ரீயில் கிட் கண்காணிக்காத கோப்புகள் இருக்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: சூழல் மாறிகளைக் கொண்ட கோப்பும், நிறுவிய நூலகங்களும் அங்கே வந்துசேரா. அவற்றை இட்டுத்தரும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவைப்பது நல்லது. இரண்டு ஏஜென்ட்கள் ஒரே 3000 ஆம் போர்ட்டுக்குப் போட்டியிடும் நிலையும் வரும். தாவலிலேயே போர்ட் எண்கள் தெரிவதன் அருமை அப்போது விளங்கும். மூன்றுக்கு மேற்பட்ட ஏஜென்ட்களை ஒரே வேளையில் நடத்த நான் முற்படுவதில்லை. அவை எழுதியதை வாசித்துச் சரிபார்ப்பவர் ஒருவர்தான்.

தமிழ் எழுத்துகளின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே பலரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இயங்கும் மென்பொருளையே எழுதுகிறோம். டெர்மினல் என்பது அடிப்படையில் சம அகலக் கட்டங்களால் ஆன பலகை. ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை கட்டங்கள் என்பதை டெர்மினலும் அதனுள் ஓடும் நிரலும் தனித்தனியே கணக்கிடுகின்றன. 'கொ' என்பது யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். திரையிலோ ககரத்தின் இடப்புறம் கொம்பும் வலப்புறம் காலும் நிற்கின்றன. 'கி' யில் உள்ள குறியை இடம்பிடிக்கும் குறியாகவும், 'கீ' யில் உள்ளதை இடம்பிடிக்காத குறியாகவும் யூனிகோட் வகைப்படுத்தியிருப்பதால், இரு கணக்குகளும் வேறுபட்டுவிட்டால் வரி முழுவதும் நகர்ந்து போகிறது. எழுத்துத் தொகுதிகளை ஒன்றாக எண்ணும் முறையைக் கோஸ்டி ஆதரிப்பது பெரும் ஆறுதல். ஆயினும் 'ணை', 'ஔ' போன்ற அகன்ற வடிவங்களைக் குறுகிய கட்டங்களுக்குள் அழகாக அமர்த்துவது எந்த டெர்மினலுக்கும் கடினமே. ஆகவே தமிழ் வாசகங்களை நான் டெர்மினலில் சரிபார்ப்பதில்லை. சீமக்ஸில் ஏஜென்டுக்குப் பக்கத்திலேயே உலாவிப் பகுதி ஒன்றைத் திறக்கலாம். ஏஜென்ட் மொழிபெயர்ப்புக் கோப்பை மாற்றியதும், பயனர் பார்க்கப்போகும் பக்கம் அங்கே தெரிகிறது. ஆங்கிலத்தில் அடங்கிய பொத்தானில் தமிழ் அடங்காமல் பிதுங்குவதை அங்கேதான் காண முடியும். அந்த உலாவியை ஏஜென்டே கட்டளைகளால் இயக்கவும் முடியும்.

தொலைவிலுள்ள சேவையகத்தில் ஏஜென்டை இயக்குவோர் டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் நிரல்களைத் தொடர்ந்து ஓடவைக்கும் கருவி) அதை ஓட்டுவதே அறிவுடைமை. வீட்டில் மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தாலும் அங்கே வேலை தொடரும். ஆனால் டீமக்ஸ் அறிவித்தல் குறியீடுகளை இயல்பாக வெளியே விடுவதில்லை, 3.3 பதிப்பிலிருந்து அதற்கெனத் தனி அனுமதி அமைப்பு ஒன்று உள்ளது, அதை இயக்கிவைத்து, குறியீட்டையும் டீமக்ஸ் கேட்கும் உறையில் இட்டு அனுப்ப வேண்டும். சீமக்ஸை மூடித் திறந்தால் தாவல்களும் கோப்புறைகளும் மீளுமே தவிர, ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் மீளா என்பதும் இவ்வேற்பாட்டுக்கு ஒரு காரணம். கணினியிலேயே ஓடிய கிளோட் கோட் உரையாடலை அதன் சொந்தக் கட்டளையால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

செலவைப் பொறுத்தவரை, செயலிக்குக் காசில்லை. ஏஜென்ட்களுக்கான சந்தாதான் டொலரில் போகிறது. பலவற்றை ஒருசேர ஓட்டினால் சந்தாவின் வரம்பு விரைவில் தீரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே தாவல்களைத் திறக்க வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்தும் சகாக்கள் இதை அப்படியே பெற முடியாது. அவர்களுக்கு நான் அமைத்துக் கொடுப்பது கோஸ்டியும் டீமக்ஸும் சேர்ந்த ஓர் ஏற்பாடு: ஏஜென்ட் டெர்மினல் மணியை ஒலிக்கச் செய்யுமாறு அமைத்து, டீமக்ஸில் மணியைக் கண்காணிக்கும் அமைப்பை இயக்கிவிட்டால், காத்திருக்கும் சாளரத்தின் பெயருக்குப் பக்கத்தில் கீழ்வரியில் வியப்புக்குறி ஒன்று தோன்றும். நீல வளையத்தின் தெளிவு அதில் இல்லை, உலாவியும் இல்லை. ஆனால் எந்த ஏஜென்ட் அழைக்கிறது என்பது தெரிந்துவிடும்.