களைகளைப் பதிவு செய்ய: நடையா, ட்ரோனா?

காப்புக்காட்டுக்குள் அந்நியக் களை எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று பதிவு செய்ய, கைபேசியோடு நடக்கலாம்; ட்ரோனும் பறக்கவிடலாம்.

ஏரியை மூடிய ஆகாயத்தாமரைக்கு ட்ரோன்தான். பரப்பளவைக் கணக்கிட்டுவிடலாம், சேற்றில் இறங்க வேண்டாம். ஆனால் மர நிழலில் வளரும் உண்ணிச்செடி அதன் கண்ணில் படுவது கடினம். அதுவும் பிடுங்க எளிதான இளம் பருவத்தில், மேலிருந்து பார்த்தால் எல்லாமே வெறும் பச்சை. நடப்பவரோ குனிந்து, சொரசொரப்பான இலையைக் கசக்கி முகர்ந்தே அடையாளம் கண்டுவிடுவார். வண்டிச் சக்கரத்தோடு விதை வந்து சேரும் பாதையோரப் பார்த்தீனியத்துக்கும் நடைதான் சரி.

நடையிலும் வம்பு உண்டு. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் புள்ளி பல மீட்டர் தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய குறை, செடி இருந்த இடத்தை மட்டும் குறித்துவிட்டு வருவது. ‘தேடினோம், இல்லை’ என்பதும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பார்க்கும் செடி புதிதாகப் பரவியதா, முன்பே இருந்ததா என்று எப்படிச் சொல்வது? ட்ரோனில் இந்தத் தொல்லை குறைவு. பழைய படத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு நடைக்கே. விதை உதிர்வதற்கு முன்பு, நடந்த தடத்தையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லி.