பிரெஞ்சை யாழ்ப்பாணத்தில் படிப்பதா, பாரிசுக்குப் போய்ப் படிப்பதா?

மச்சாளுக்குப் பாரிசில் மாப்பிள்ளை. விசா அலுவல் நடக்கிறது. பிரெஞ்சை இங்கேயே தொடங்குவதா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா என்று வீட்டில் தினமும் வழக்குத்தான்.

ஜெர்மனி மாப்பிள்ளை என்றால் இந்த வழக்கே வந்திருக்காது. அங்கே ஏ1 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழிப் படிகளில் முதலாவது) சித்தியடையாமல் பெரும்பாலும் துணை விசா இல்லை என்பதால், பிள்ளைகள் அழுதழுதாவது படித்து முடிக்கிறார்கள். பிரான்ஸ் விசாவுக்கு அப்படி ஒரு பரீட்சை கேட்பதில்லை. கேட்காததாலேயே நம் ஆட்கள் ஒரு சொல்லும் தெரியாமல் விமானம் ஏறுகிறார்கள்.

"அங்கே இலவசம்தானே, இங்கே ஏன் காசைக் கரைப்பான்?" என்பது மாமாவின் கட்சி. அவர் சொல்வது பொய்யில்லை. குடும்பமாகப் போய்ச் சேருபவர் ஒஃபி எனும் பிரெஞ்சுக் குடிவரவு அலுவலகத்தில் ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மொழியைச் சோதித்து, தேவையென்றால் வகுப்பு ஒதுக்குவார்கள். 2019 இல் அந்த மணித்தியாலங்களைக் கூட்டி, எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு 600 வரை கொடுத்தார்கள். இங்கே ரியூசனுக்கு வாரம் நாலு மணித்தியாலம் போனால் 600 ஐத் தொட மூன்று வருடம் ஆகும். ஆனால் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. அந்தஸ்துக் கிடைக்கும்வரை தொண்டு அமைப்புகளின் வகுப்புகள்தான்.

இன்னொரு சிக்கல் லாச்சப்பல், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த இடம். மீன், முருங்கைக்காய், முடிவெட்டு எல்லாம் அங்கே தமிழிலேயே முடிந்துவிடும். காலையில் வகுப்பில் கேட்டது மாலைக்குள் வாயைவிட்டுப் போய்விடும்.

யாழ்ப்பாண வகுப்பின் பலம், பொருட்களுக்கெல்லாம் ஏன் ஆண்பால் பெண்பால் என்று தமிழிலேயே சண்டை பிடித்துக் கேட்கலாம் என்பது. பலவீனத்தை மச்சாளின் கொப்பியில் கண்டேன். பிரெஞ்சில் மீனுக்கும் பானத்துக்கும் முதல் ஒலியில் மட்டும்தான் வித்தியாசம்: ஒன்று 'பல்'லில் வரும் ப, மற்றது 'பஸ்'ஸில் வரும் ப. தமிழில் எழுதி வைத்திருந்தாள்; இரண்டும் 'புவசோன்'. கடையில் எதைக் கேட்பாய் என்றேன். முறைத்தாள். தொண்ணூறு என்றால் 'நாலு இருபது பத்து' என்பதையும் அதே பக்கத்தில் மூன்று தடவை எழுதியிருந்தாள், பாவம்.

கைபேசிச் செயலி மூன்றாவது கட்சி. சொல் சேர்க்கப் பரவாயில்லை, திருத்த ஆளில்லை. அவ்வளவுதான்.

என் தீர்ப்பு யாழ்ப்பாண வகுப்புக்கே. காரணம் 2026 ஜனவரி 1 முதல் வந்திருக்கும் விதிகள்: பல வருட வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. முன்பு பல வருட அட்டைக்கு எந்தப் படியையும் எட்டத் தேவையில்லை, ஒதுக்கிய வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் போதும்; மற்ற இரண்டும் ஒரு படி கீழே இருந்தன. இனி அங்கே போய் அ, ஆவன்னாவில் தொடங்கினால் ஏற வேண்டிய தூரம் அதிகம். அடிப்படையை இங்கே முடித்துக்கொண்டு, ஒஃபி என்ன தந்தாலும் அதை மேலே ஏறப் பயன்படுத்தலாம். சரி, பரீட்சை? டெல்ஃப் எனும் பிரெஞ்சு மொழிப் பரீட்சையின் சான்றிதழ் காலாவதியாகாது, ஆனால் ஏ1 சான்றிதழ் அந்த அட்டைகளுக்கு உதவாது. காசு கட்டுவதென்றால் ஏ2 க்குக் கட்டுங்கள். ஏ1 ஐப் படித்தால் போதும், எழுத வேண்டியதில்லை.

மச்சாள் நேற்றுப் புதுக் கொப்பி வாங்கியிருக்கிறாள். தமிழ் எழுத்து ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு மீனும் ஒரு சோடாப் போத்தலும் கீறி, பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில் பெயர் போட்டிருக்கிறாள்.